அரிசி டிரம்மில் ஒரு பரோலோ

சிதம்பரத்தில் கேட்டரிங் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். கடலூர் முதுநகரில் என் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. சவரிமுத்து என்று பெயர் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு சவரிமுத்துவைக் காட்டுவார்கள். ‘கப்பல்ல சாராயம் ஊத்துனாரே, அவரு வீடு’ என்று கேட்டால் மீன்காரம்மா கூடையை இறக்காமலே தாடையால் வழி காட்டிவிடுவார். இத்தாலியப் பயணிகள் கப்பல் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, ஒயின் பிரிவின் துணைத் தலைவனாக ஓய்வு பெற்றவன் நான். முதுநகரின் அகராதியில் அதற்குச் சாராயம் ஊற்றுவது என்று பெயர்.

வந்த பிள்ளைகளில் ஒருவன் போனை நீட்டினான். பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்தால் போதுமாம். எந்த ஊர், எந்த வருடம், நூற்றுக்கு எத்தனை மார்க், என்ன வாசனை வரும், எந்தக் கறியோடு குடிக்கலாம், எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது. நானும் பார்த்தேன். குறை சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

“அப்ப சார், இத்தன வருஷம் நீங்க என்னா வேல பாத்தீங்க?” என்று கேட்டான் பையன். குறும்பெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அவர்களுக்குப் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் கொடுக்கவில்லை. பதில் கொஞ்சம் நீளமானது, அதில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவரும் அவர் வேட்டியும் வருகிறார்கள் என்பதால் எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

நான் முதன்முதலில் ஒயின் ஊற்றியது எங்கள் கோயிலில், பூசைக்கு உதவுகிற சிறுவனாக, பங்குச் சாமியாரின் கிண்ணத்தில். ‘போதும்’ என்று அவர் விரலைத் தூக்கும் வரை ஊற்ற வேண்டும். சில சாமியார்களுக்கு அந்த விரல் மெதுவாகத்தான் எழும். பிறகு சென்னையில் கேட்டரிங் படிப்பு, பம்பாயில் ஏஜெண்டுகளின் வாசலில் தவம், அப்புறம் கப்பல். இதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன். சொல்ல வேண்டியது ரினால்தோவைப் பற்றி.

சிஞ்ஞோர் ரினால்தோ, சிஞ்ஞோர் என்றால் ஐயா, எங்கள் ஒயின் பிரிவின் தலைவர். ஒல்லியான, நிமிர்ந்த, நரைத்த மனிதர். தினமும் மாலை உணவுக்கூடம் திறப்பதற்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவர் தலையையும் கையையும் மோந்து பார்ப்பார். என்னிடம் வந்ததும், “தேங்காய்” என்பார். அவ்வளவுதான். நான் போய்க் குளித்துவிட்டு வர வேண்டும். ஒயின் பரிமாறுகிறவன் மேல் வேறு வாசனை இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கேரளத்துப் பையன்களும் நானும் எண்ணெய் தடவுவதையே விட்டோம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது என் தலையைப் பார்த்து, கப்பலில் சம்பளம் சரியாக வரவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார்.

ரினால்தோ குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். நான் ஒரு தடவை தட்டைச் சாய்த்து நாலு கிளாசை உடைத்தபோது அருகே வந்து, “நன்றி, சவரி” என்றார். அந்த நன்றிக்குப் பயந்தே பலர் கப்பல் மாறினார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஒயின் மேல்தான் பக்தி. அதன் பெயர் பரோலோ. வட இத்தாலியில், பனிமூட்டம் படிகிற குன்றுகளில் விளையும் ஒரு முரட்டுத் திராட்சையிலிருந்து செய்வது. பழைய பாணிக்காரர்கள் அதைக் குதிர் போன்ற பெரிய, பழகிய மரப் பீப்பாய்களில் ஊற்றி வருடக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள். பிறகு பாட்டிலில் அடைத்து இன்னும் வருடக்கணக்கில் கிடப்பில் போடுவார்கள். அரசாங்க அலுவலகத்துக்கு அடுத்தபடியாக இத்தனை கிடப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புது பாணிக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சின்னப் புது மரப் பீப்பாயில் போட்டு, கொஞ்சம் வனிலா வாசனை ஏற்றி, சீக்கிரமாகக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் பெயரைச் சொன்னாலே ரினால்தோவுக்கு மரியாதை கூடிவிடும்.

பழைய பாணிப் பரோலோவை முதல் தடவை பார்க்கிற யாரும் ஏமாந்துபோவார்கள். சிவப்பு ஒயின் என்ற பெயருக்கேற்ற சிவப்பு இருக்காது. வயதாக ஆக நிறம் வெளிறி, ஓரத்தில் செங்கல் கழுவிய தண்ணீர் போல ஆகிவிடும். அடியில் கசடு தங்கும். ஒரு வாய் குடித்தால் இனிப்பு கிடையாது. முந்திரிப் பழத்தைக் கடித்தவுடன் நாக்கையும் தொண்டையையும் பிடித்துக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பு. கப்பலில் வெள்ளைக்காரர்கள் அதற்கு என்ன பெயர் சொல்வது என்று திணறுவார்கள். கசப்பு என்பார்கள், வறட்சி என்பார்கள். அறுசுவையில் துவர்ப்புக்கென்று தனி நாற்காலி போட்டுக் கொடுத்த சாதி நாம். எனக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரையும்விடக் கர்வம் ஜாஸ்தி.

‘நல்ல ஒயின்’, ‘கெட்ட ஒயின்’ என்று யாராவது சொன்னால் ரினால்தோவுக்குப் பிடிக்காது. அவருக்கு இரண்டே வார்த்தைகள்தான். ஒன்று, ‘ஆயிற்று’. மற்றது, ‘இன்னும் ஆகவில்லை’. நம் வீடுகளில் சோற்றுக்குக் கேட்பதுபோலத்தான். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கசடு அடியில் இறங்க விட வேண்டும். தக்கையை நோகாமல் எடுக்க வேண்டும். பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஒரே ஊற்றாக, கை நடுங்காமல் ஊற்ற வேண்டும். கசடு கழுத்துக்கு வருகிறது என்று தெரிந்த நொடியில் நிறுத்த வேண்டும். பிறகு காற்றுப்பட மணிக்கணக்கில் விட்டுவிட வேண்டும். அப்போது முதலில் தார் வாசனை வரும், ரோடு போடுகிற தார். அதற்குப் பின்னால், வெகுநேரம் கழித்து, வாடின ரோஜா வாசனை வரும். இந்த இரண்டும் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. தார் எனக்கு முதல் வருடமே கிடைத்துவிட்டது. ரோஜா கிடைக்கப் பல வருடம் ஆனது. அதுவரை கிடைத்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன், எல்லோரும் ஆட்டினார்கள்.

ஒரு நாள் பெரிய தொழிலதிபர் ஒருவர் பழைய பரோலோ கேட்டார். காத்திருக்க மாட்டேன், இப்பவே திற என்றார். திறந்தோம். ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “கெட்டுப்போய்விட்டது, எடுத்துக்கொண்டு போ. வேறு கொண்டு வா.” ரினால்தோ குனிந்து, “நன்றி, ஐயா” என்றார். அந்த நன்றி எனக்கு மட்டுமானது இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். அதே ஒயினைக் குடுவையில் ஊற்றி அலமாரிக்குள் வைத்தார். அந்த மனிதர் சூப்பு, மீன், கறி, ஊழியர்களைப் பற்றிய புகார்கள் எல்லாவற்றையும் முடித்த பிறகு குடுவையை எடுத்துப் போய் ஊற்றினார். “இதுதான் ஒயின்! முதலில் கொண்டு வந்தாயே, அதை எங்கே பிடித்தாய்?” என்றார் தொழிலதிபர். “அதுவும் இதே ஊர்தான், ஐயா” என்றார் ரினால்தோ.

உள்ளே வந்ததும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நான் எதையும் மாற்றவில்லை சவரி, காத்திருக்கத்தான் வைத்தேன். பாட்டிலில் இருப்பதை மாற்றுகிறவன் என் கப்பலில் இருந்தால் கடலில் இறக்கி விட்டுவிடுவேன்” என்றார். அன்று நன்றி சொல்லவில்லை, அதனால் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஓய்வு பெற்று முதுநகருக்கு வந்த பிறகு இந்த வித்தையெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், “சவரி வந்துட்டான், எலுமிச்சம்பழ ஜூசு அவங்கிட்ட குடுத்துடுங்க, அளவா ஊத்துவான்” என்பார்கள். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தனவேல் போன் செய்தார்.

தனவேலின் மனைவி கஸ்தூரி எங்கள் எதிர் வீட்டுப் பெண். சிறுவயதிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அந்த உறவில் பண்ருட்டிப் பக்கத்துக் காடாம்புலியூர் தனவேல் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மாமா. முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கிற பட்டறை வைத்திருந்தார்கள். ஒரு புயலில் அந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகள் படுத்துவிட்ட பிறகு தொழில் ஆட்டம் கண்டது. தரகர்கள் சொன்னதே விலை. பட்டறையில் உட்கார்ந்து உடைக்கிற பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. மூடிவிடலாம் என்று தனவேல் பேச ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலியிலிருந்து ஒரு மிட்டாய்க் கம்பெனி முதலாளி, தரகர் இல்லாமல் நேராக வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். பெயர் மாசிமோ. வயதானவர், தானே வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். அதற்குக் காரணம் இருந்தது. முன்பு வேறெங்கோ வாங்கியபோது டின்னின் மேல் அடுக்கில் வெள்ளை வெளேரென்று முழுப் பருப்பும் அடியில் பழைய சரக்கும் வைத்து ஏமாற்றிவிட்டார்களாம். ‘டின்னுக்கு வெளியே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்’ என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்.

“மாமா, மனுசன் வந்து பட்டறையப் பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. நாளைக்கி சிதம்பரம் கோயிலு பாக்கணும்ங்குறாரு. மத்தியானம் அங்க ஓட்டல்ல சாப்பாடு போடுறேன். அவரே ஒரு ஒயினு பாட்டிலு தூக்கியாந்து குடுத்துருக்காரு. அதத் தொறந்து ஊத்த ஆளு வேணும். பாஷயும் உங்களுக்குத்தான் தெரியும். வந்துருங்க மாமா” என்றார்.

“என்ன ஒயினு மாப்ள?”

“பேரு பரோலாவோ பரோட்டாவோ. பழசு மாமா.”

மறுநாள் காலை, பல வருடம் கழித்து, ஷேவ் செய்யும்போது விசிலடித்தேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. ஓய்வு பெறும்போது எனக்குப் பரிசாகக் கிடைத்த நாலு காம்பு கிளாசுகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து முன்கூட்டியே சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். தெற்குச் சன்னதிக்குப் பக்கத்து ஓட்டலில் மாடி ஏசி அறையைத் தனவேல் எடுத்திருந்தார். ஒயின் என்றதும், “ஃபேமிலி வர்ற எடம் சார்” என்று இழுத்த மேனேஜர், வெள்ளைக்காரர் என்றதும் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லி ஒப்புக்கொண்டார். கஸ்தூரி எனக்கும் முன்னால் காடாம்புலியூரிலிருந்து காரில் வந்து, அறைக்குப் பின்னால் இருக்கிற பரிமாறும் இடத்தில் எறால் தொக்கையும் பலாக்கொட்டைப் பொரியலையும் கிண்ணங்களில் மாற்றிக்கொண்டிருந்தாள். மேடையில் பாட்டில் நின்றது.

பார்த்தவுடனே ஏதோ சரியில்லை. லேபிளில் இருந்த வருடத்துக்கு அந்த நிறம் பொருந்தவில்லை. ஜிகர்தண்டாக் கடை சர்பத் மாதிரி பளபளவென்று சிவந்திருந்தது. தக்கை தலைகீழாகச் செருகியிருந்தது. எடுத்து மோந்தேன். வெல்லப்பாகு.

“கஸ்தூரி, இது என்னம்மா?”

“பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டீங்களா! வெள்ளைக்காரருக்குத் தெரியாதுல்ல?” என்று குரலைத் தாழ்த்தினாள். “அத ஏன் கேக்குறீங்கண்ணே. அந்த மனுசன் குடுத்தத வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா செவப்பே இல்ல, பழுப்படிச்சிப் போயிருக்கு. அடியில கசடு. தேதிய பாத்தா எங்க பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி. எங்க தொழில்ல பழுப்பு தட்டுனா கழிவுதான? பாவம், கெட்டுப்போனது தெரியாம அவ்ளோ தூரம் தூக்கியாந்துட்டாரு. நாலு பேரு முன்னாடி ஊத்துனா அவரு மூஞ்சி என்னா ஆவும்? அதான் பண்ருட்டியில நல்ல தித்திப்பு ஒயினு வாங்கியாரச் சொல்லி இதுல ஊத்தி மூடிட்டேன். எங்க வீட்டுக்காரருகூட மொதல்ல வாணாம்னாரு. நான்தான் அவரு மானம் போவக் கூடாதுன்னு பண்ணேன்.”

தக்கையை மேடையில் வைத்தேன். டின்னுக்கு வெளியே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கடல் தாண்டி வந்திருக்கிற மனிதர். அவர் கொடுத்த பாட்டிலுக்குள்ளேயே வேறு சரக்கு. ஒரு வாய் குடித்தால் போதும், எழுந்து போய்விடுவார். பட்டறையை நாளையே பூட்ட வேண்டியதுதான். அத்தனையும் விருந்தாளியின் மானத்தைக் காப்பாற்றுகிற நல்லெண்ணத்தில் நடந்திருக்கிறது. நம் ஊரில் மட்டும்தான் ஒரு மனிதரை இவ்வளவு அன்பாக அவமானப்படுத்த முடியும்.

“அசல் எங்கம்மா? கீழ கொட்டிட்டியா?”

“கொட்ட மனசு வர்லண்ணே” என்று ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வைத்தாள். “புளிப்பா இருக்குதே, காடிக்குப் பதிலா ஊறுகாய்க்கு ஆவுமான்னு உங்கள கேக்கலாம்னு எடுத்தாந்தேன்.”

மூடியைத் திறந்து குனிந்தேன். பிறகு அவளிடம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். அவர் கொடுத்த நாளிலிருந்து பாட்டிலை எங்கே வைத்தாய்? பூசை அறையில் வைக்க முடியாது, பிள்ளைகள் கண்ணில் படவும் கூடாது, அதனால் அரிசி டிரம்முக்குள் கழுத்து வரை புதைத்து நிறுத்தி வைத்தாளாம். குளிர்ச்சி, இருட்டு, ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நின்றிருக்கிறது. தக்கையை எப்படி எடுத்தாய்? ஸ்க்ரூவைத் திருகி, குறடால் மெதுவாக. பருப்பு உடையாமல் ஓட்டைப் பிரித்துப் பழகிய கை, தக்கையில் ஒரு பிசிறு இல்லை. கசடு? தனவேலின் கஞ்சி போடாத பழைய வேட்டியில் வடிகட்டினாளாம். எப்போது? விடிந்ததும். அதாவது மத்தியானம் வரை வாயகன்ற தூக்கில் காற்றாடியிருக்கிறது. மெழுகுவர்த்தி ஒன்றுதான் பாக்கி. ரினால்தோ இருந்திருந்தால் நன்றி சொல்ல வாய் வந்திருக்காது.

கஸ்தூரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் தூக்கின் மேல் குனிந்தாள். “காலையில வடிகட்டுறப்ப ரோடு போடுற தாரு வாசனதாண்ணே அடிச்சிது. இப்ப என்னா, நேத்து சாமிக்குப் போட்ட ரோசாப்பூ மால மாதிரி வருது?”

எனக்குப் பல வருடம் பிடித்தது என்று மேலே எழுதினேனே, அதுதான். தினமும் வறுத்த பருப்பை மோந்து தீய்ந்ததையும் தீயாததையும் பிரிக்கிறவளின் மூக்கு. எனக்குப் பொறாமையாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நேரமில்லை. பாட்டிலில் இருந்த தித்திப்பு ஒயினை ஒரு ஜக்கில் கவிழ்த்தேன். பாட்டிலைத் தண்ணீர் விட்டு அலசி, கடைசியாகத் தூக்கிலிருந்து ஒரு கரண்டி ஒயின் விட்டு உள்ளே சுழற்றிக் கொட்டினேன். இத்தாலியர்கள் கிளாசையே அப்படித்தான் ஒயினால் கழுவுவார்கள். முன்கூட்டியே திறந்து ஊற்றி வைத்த ஒயின் என்றால் காலி பாட்டிலையும் தக்கையையும் ஒரு தட்டில் வைத்துக் காட்டுவது எங்கள் தொழிலில் முறைதான். ஓட்டலில் குடுவை இல்லாததால் இன்னொரு கண்ணாடி ஜக்கைக் கழுவித் துடைத்து, தூக்கில் இருந்ததை அதில் ஊற்றினேன். அதற்குள் தனவேலும் மாசிமோவும் மாடியேறிவிட்டார்கள். தனவேலிடம் நடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. வாசலிலேயே என் கையைப் பிடித்து, “பாத்துக்குங்க மாமா” என்றார்.

மாசிமோ குள்ளமானவர், தடித்த மூக்குக் கண்ணாடி. நான் இத்தாலிய மொழியில் பேசியதைக் கேட்டதும் கொஞ்சம் மலர்ந்தார். பாட்டிலையும் தக்கையையும் காட்டினேன், தலையசைத்தார். அவர் கிளாசில் கொஞ்சமாக ஊற்றினேன். வெளிறிய செங்கல் நிறம். கிளாசைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டார். விட்டவர் வெளியே எடுக்கவே இல்லை. ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார்.

“ஆயிற்று” என்றார் இத்தாலிய மொழியில். ரினால்தோவின் அதே வார்த்தை. “என் வீட்டில்கூட இது இப்படி வந்ததில்லை. அப்பா வாங்கி வைத்த ஒயின். யார் பக்குவம் பார்த்தது?”

“என்னா மாமா சொல்றாரு?” என்றார் தனவேல்.

“பிரமாதமா இருக்குங்குறாரு மாப்ள. அவரு அப்பா வாங்கி வெச்ச ஒயினாம்.”

நான் ஆளறிந்து சொல்லியிருக்க வேண்டும். தனவேலின் முகம் கறுத்துவிட்டது. கிளாசில் இருப்பது பண்ருட்டிக் கடைச் சரக்கு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் குடித்துவிட்டு ஒரு கிழவர் தன் அப்பாவின் ஒயின் என்று உருகுகிறார். தனவேலால் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்று, தெரிந்த இங்கிலீஷில், “சார், சாரி சார். திஸ் நாட் யுவர் ஒயின். ஐ சேஞ்ச். ஐ ஒன்லி சேஞ்ச்” என்றார்.

கஸ்தூரி பரிமாறுகிற கரண்டியோடு அப்படியே நின்றாள். மாற்றியது நானா அவளா என்று அவர் கணக்குப் பார்க்கவே இல்லை. எல்லாப் பழியையும் வாரித் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டார்.

மாசிமோ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை வருடத்தில் எந்த மேசையிலும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. கெட்டுவிட்டது என்று நினைத்தது, உங்கள் மானம் போகக் கூடாது என்று மாற்றியது, நான் திரும்ப மாற்றியது, அதனால் நீங்கள் குடித்தது உங்கள் அப்பாவின் ஒயினேதான், அது தனவேலுக்கே இன்னும் தெரியாது என்பது வரை சொன்னேன். அரிசி டிரம், குறடு, வேட்டி, தூக்கு எல்லாம் இந்த அம்மாவின் கைவேலை என்றேன். தாரும் வாடின ரோஜாவும் அவள் சொன்னதைச் சொன்னேன். மாற்றிய கை யாருடையது என்பதை மட்டும் தனவேல் சொன்னபடியே விட்டுவிட்டேன்.

அவர் தூக்கைக் கேட்டார். கொண்டு வந்தேன். உள்ளே மூக்கை விட்டுப் பார்த்தார். ஜக்கில் இருந்த தித்திப்பு ஒயினையும் கேட்டார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுப் பேதி மருந்து குடித்தவர் போல ஜக்கை ஓரமாகத் தள்ளினார். பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். தனவேல் நின்றுகொண்டே இருந்தார். கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மாசிமோ என்னிடம் சொன்னார். “உள்ளே இருப்பதை மாற்றியதற்காக நான் இப்போதே எழுந்து போக வேண்டும். கேட்பதற்கு முன்னால் தானே சொன்னாரே, அதனால் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சரக்கை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு டின்னையும் இந்த அம்மா மோந்து பார்த்து, இந்த அம்மாதான் மூட வேண்டும். ஒப்பந்தமும் இந்த அம்மா பெயரில்தான். தூக்கிப் போட வேண்டியதைக்கூடப் பத்திரப்படுத்துகிற கை. பாட்டிலை மாற்றுகிற கை டின்னுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.”

தமிழில் சொன்னேன். தனவேலுக்கு முதலில் ‘முதல் சரக்கு’ மட்டும்தான் காதில் விழுந்தது. பொத்தென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார் என்றே நினைக்கிறேன். கஸ்தூரிக்கோ மீதிதான் காதில் விழுந்தது.

“அண்ணே, மாத்துனது இவரில்ல, நானுன்னு சொல்லுங்க. மொதல்ல அத சொல்லுங்கண்ணே” என்றாள்.

துண்டுக்குள்ளிருந்து தனவேலின் குரல் வந்தது. “மாமா, பாயசம் வேணுமான்னு கேளுங்க.”

இரண்டு பேரையும் பார்த்தேன். மாசிமோ, “அம்மா என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

“பாயசம் வேண்டுமா என்று கேட்கிறார்கள்” என்றேன்.

அவர் இரண்டு கப் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்.

இப்போது பட்டறை ஓடுகிறது. பெண்களுக்கு வாரம் முழுக்க வேலை இருக்கிறது. டின்களில் கஸ்தூரியின் கையெழுத்துதான். அந்தப் பட்டறையில் டின் மூடுகிற அறைக்குள் முதலாளி தனவேலுக்கு மட்டும் அனுமதி கிடையாது. வருடா வருடம் இத்தாலியிலிருந்து கஸ்தூரி பெயருக்கு ஒரு பழைய பரோலோ வரும், கூடவே மாசிமோ கைப்பட எழுதிய ஒரு அட்டை. அதைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியம்தான்: ‘தயவுசெய்து இதை உங்கள் கணவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ தனவேல் அதைக் கேட்டுவிட்டு, தானே பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அரிசி டிரம்மில் புதைப்பார்.

இதையெல்லாம் அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். அந்தப் பையனின் போன் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ரோஜா வாசனை வரும் என்று அது சொல்லும். எதை எப்போது சொல்லக் கூடாது என்பது அதற்குத் தெரியாது.

போன வாரம் இந்த வருடத்து அட்டை வந்தது. படித்துச் சொன்னேன். கஸ்தூரி வழக்கம்போல ஆரம்பித்தாள். “இந்த வருஷமாச்சும் உள்ளத எழுதிடுங்கண்ணே. அவரு இவர திருடன்னே நெனச்சிக்கினு இருக்காரு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

தனவேல் முழங்கை வரை அரிசிக்குள் கையை விட்டுப் பாட்டிலை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஆவல மாமா” என்றார், மூடியைப் போட்டுக்கொண்டே. “கெடக்கட்டும் வுடுங்க.”